ஒரே கட்டளையில் தளத்தை ஏற்றுவது எப்படி? (சாய்கோட்டில் கவனம்)

குடியாத்தத்தில் சித்தப்பாவுக்கு லுங்கிக் கடை. கடையின் இணையதளத்துக்கு நான்தான் எல்லாம். விலை மாறும்போதெல்லாம் காட்பாடி வீட்டில் உட்கார்ந்து ஃபைல்ஜில்லா என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் ஃபைல்களை இழுத்துப் போடுவேன். நடுவில் கரண்ட் போனால் பாதி புதுசு, பாதி பழசு. அதற்கு நான் கண்ட வழி இது. சர்வரில் உபுண்டு, உங்களிடம் லினக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பாஸ்வேர்டு இல்லாமல் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்எச் சாவி. எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடியால் பொதுச் சாவியை சர்வருக்கு அனுப்புங்கள். பிறகும் பாஸ்வேர்டு கேட்டால், சர்வரில் எஸ்எஸ்எச் ஃபோல்டரின் அனுமதி 700, உள்ளே சாவி இருக்கும் ஃபைலுக்கு 600 என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து ஆர்சிங்க், ஃபைல்களை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கும் கட்டளை. மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்பும். இங்கேதான் நான் இரண்டு முறை மாட்டினேன். அனுப்பும் ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு (/) போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். நான் போடவில்லை. பிழை எதுவும் வரவில்லை, தளமும் மாறவில்லை. அரை மணி நேரம் பிரவுசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாய்கோட்டைச் சேர்த்தேன், அப்புறம்தான் வினையே. இங்கே இல்லாததை அங்கே அழிக்கச் சொல்லும் டெலீட் ஆப்ஷனும் கூடவே இருந்தது. சித்தப்பா போனிலிருந்து ஏற்றிய படங்கள் சர்வரில் மட்டும்தான் இருந்தன. “என்னப்பா, கடையில சரக்கே இல்லாத மாதிரி இருக்கே?” என்று போன் வந்தபோதுதான் புரிந்தது.

ஆகவே அப்படிப் படங்கள் ஏறும் அப்லோட்ஸ் ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் ஆப்ஷனில் விலக்கிவிடுங்கள். டெலீட் அதைத் தொடாது. முதல் முறை டிரை-ரன் (ஒத்திகை) ஆப்ஷனோடு வெர்போஸ் ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிடும். ‘டெலீட்டிங்’ என்று தொடங்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். சரி என்றால் டிரை-ரனை எடுத்துவிட்டு, கட்டளையை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டும் ஃபைல்) போட்டு வையுங்கள்.

பல சர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் ஆன்சிபிள் வேண்டாமா என்பார்கள். ஒரு கடை, ஒரு சர்வர். மலையைக் கல்லி எலி பிடிக்க எனக்குப் பொறுமை இல்லை. பத்து சர்வர் வந்தால் பார்க்கலாம்.

தினசரி பேக்கப்புக்கு, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரான் போதும். என் சர்வரின் கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் இரவு 2 மணி வேண்டுமானால் அதில் 20:30-க்கு ஓடும்படி எழுத வேண்டும். பேக்கப் அதே சர்வரிலேயே கிடந்தால் பிரயோஜனம் இல்லை. ஞாயிறுதோறும் ஆர்சிங்க்கால் வீட்டுக்கு இழுத்துக்கொள்கிறேன். தளத்தின் எச்டிடிபிஎஸ்ஸுக்கான எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிக்க கிரான் எழுத வேண்டாம், அந்தச் சான்றிதழை வாங்கித்தரும் சர்ட்பாட் நிறுவும்போதே அதற்கு டைமர் வந்துவிடும்.

சேர்க்கை: கையால் ஓட்டினால் வரும் பேக்கப் கிரானில் வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஃபைல் பெயரில் தேதி சேர்க்க சதவீதக் குறி போட்டிருப்பீர்கள். கிரான் வரிகளை எழுதும் கிரான்டேப் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு (\) போடலாம். நான் அந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிட்டு, கிரானில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் எழுதுகிறேன்.