வகுப்புக்கு வரவழைக்கும் செயலி: ஆப் இன்வென்டரில் ஒரு செய்முறை

தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் காரைக்குடிக்குப் பஸ்ஸில் வந்து படிப்பவர்களில் எனக்குத் தெரிந்த பலர் தவறவிடுவது காலை முதல் வகுப்பைத்தான். ஒன்றுதானே என்று விட்டது பதினைந்தாகி, வருகை தேர்வெழுதத் தேவையான 75 சதவீதத்துக்குக் கீழே போய், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கல்லூரி வாங்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும்போதுதான் கணக்கு உறைக்கிறது. அந்தக் கணக்கை அன்றாடம் கண்முன் வைக்கும் ஆண்ட்ராய்டு செயலியை, நிரல் எழுதிப் பழகாதவரும் ஒரே பிற்பகலில் செய்துவிடலாம்.

இதற்கு எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் போதும். 2010-இல் கூகுளில் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. வசம் வந்த இந்த இலவசக் கருவியில், கட்டளைகளை வண்ணக் கட்டங்களாக ஒன்றோடொன்று கோத்தாலே செயலி உருவாகிவிடும். கணினி உலாவியில் அதைத் திறந்து, புதிய திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள்.

முதலில் திரையை அமையுங்கள். இரண்டு பட்டன்கள், எழுத்தைக் காட்டும் ஒரு லேபிள், கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் இயங்கும் டைனிடிபி (தரவைச் சேமிப்பது), கிளாக் (தேதியும் நேரமும் தருவது) ஆகியவற்றை இழுத்து வையுங்கள். பட்டன்களுக்கு நான் ‘வரவு’, ‘பற்று’ என்று பெயரிட்டேன். வரவு என்றால் வருகையும்தான் என்பதால், பேரேட்டுக் கணக்குக்குப் பேர்போன செட்டிநாட்டில் அதை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, ‘மொத்தம்’, ‘வந்தவை’ என இரண்டு மாறிகளை (எண்ணை நினைவில் வைக்கும் பெட்டிகள்) உருவாக்கி, இரண்டிலும் தொடக்க மதிப்பாகப் பூஜ்யத்தை வையுங்கள். வரவை அழுத்தினால் இரண்டும் ஒவ்வொன்று கூட வேண்டும். வராத நாளில் பற்றை அழுத்தினால் மொத்தம் மட்டும் கூட வேண்டும். கூட்டியவுடன் இரண்டையும் டைனிடிபியில் சேமியுங்கள். முதல் முறை நான் சேமித்தேனே தவிர, திரை திறக்கும்போது அவற்றைத் திரும்ப எடுக்கும் கட்டத்தை வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் செயலி பூஜ்யத்தைக் காட்டியது. ஸ்கிரீன்1 இனிஷியலைஸ் என்ற கட்டத்துக்குள், சேமித்ததை எடுக்கும் கெட்வேல்யூவை வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

இனி செயலியின் உயிரான கணக்குக்கு வருவோம். ‘உங்கள் வருகை 67.5 சதவீதம்’ என்று காட்டினால் மாணவருக்குச் சோர்வுதான் மிஞ்சும். இன்னும் எத்தனை வகுப்பு வந்தால் கரையேறலாம் என்பதையே அவர் அறிய விரும்புகிறார். மொத்தத்தை மூன்றால் பெருக்கி, வந்தவற்றை நான்கால் பெருக்கிக் கழித்தால் அந்த எண் கிடைத்துவிடும். 40 வகுப்புகளில் 27-க்கு வந்தவருக்கு 120-இல் 108 போக 12. அதாவது தொடர்ந்து 12 வகுப்புகள் வந்தால் 52-க்கு 39 ஆகி, சரியாக 75 சதவீதத்தைத் தொடுகிறார். கழித்து வருவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ‘இன்னும் 12 வகுப்பு வந்தால் போதும்’ என்று லேபிளில் எழுதச் சொல்லுங்கள். இல்லையெனில் குறைக்குறியை நீக்கி, மூன்றால் வகுத்து, ஃப்ளோர் கட்டத்தால் பின்னத்தை வெட்டி, ‘கையிருப்பு’ (இன்னும் தவறவிடக்கூடிய வகுப்புகள்) என்று காட்டுங்கள். 40-க்கு 33 வந்தவருக்கு அது 4. விடுப்பெடுக்கத் தூண்டுவதாகாதா என்று கேட்கலாம். கையில் நான்குதான் உண்டு என்று தெரிந்தவர் அவற்றைக் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்குமென ஒதுக்கி வைப்பதையே நான் கண்டிருக்கிறேன்.

ஒரே நாளில் பட்டனை இருமுறை அழுத்தினால் கணக்குப் பிழைபடும். ஆகவே கிளாக் தரும் தேதியையும் சேமித்து, அடுத்த முறை அழுத்தும்போது அதே தேதியாக இருந்தால் எதையும் கூட்டாமல் விட்டுவிடுமாறு நிபந்தனை ஒன்றைச் சேருங்கள். ஒரு பாடத்துக்கு நாளுக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கில்தான் இது பொருந்தும்.

தொடர்ந்து வந்த நாள்களை எண்ணிக் காட்டும் வசதியையும் சேர்க்கலாம், ஆனால் ஒரு நாள் வராவிட்டால் அதைப் பூஜ்யமாக்காதீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்பும் மாணவர், இருபது நாள் சேர்த்தது அழிந்திருப்பதைக் கண்டால் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். எண் அப்படியே நிற்கட்டும். மீண்டும் வந்ததும் வளரட்டும்.

கடைசியாக, கணினியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்க, கைப்பேசியில் நிறுவிய ஆப் இன்வென்டரின் கம்பேனியன் செயலியால், கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சோதித்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பில்ட் பட்டியலில் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை உருவாக்கிக் கைப்பேசியில் நிறுவலாம். செயலியை நீக்கினால் டைனிடிபியில் உள்ளதும் அழிந்துவிடும் என்பதால், நீக்குவதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.