ஹனோயும் நின் பின்னும்: நான்கு நாளை எப்படிப் பிரிப்பது

வடக்கு வியட்நாமுக்கு நான்கே நாள்தான் கிடைக்கிறது என்றால், பலரும் ஹனோயிலேயே அறை எடுத்துக்கொண்டு, அதற்குத் தெற்கே இருக்கும் நின் பின்னை ஒரு நாள் டூரில் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டூர் வண்டிகள் காலை பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்து, மாலை நான்கைந்து மணிக்குள் கிளம்பிவிடும். வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. சுண்ணாம்புக்கல் குன்றுகளும் வயலும் ஆறும் அழகாக இருப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். அதனால் ஹனோயில் ஒரு இரவு, நின் பின்னில் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதம். அக்டோபர் பிற்பாதி, நவம்பர், மார்ச் கடைசி, ஏப்ரல் ஆகியவை இதமானவை. நின் பின்னில் உள்ள டாம் கோக் ஆற்றின் இருபுறமும் நெல் பொன்னாகப் பழுத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மே கடைசி வாரம். ஜூன் தொடக்கத்தில் அறுவடையாகிவிடும். அப்போது வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் மழை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் 'டெட்' எனும் வியட்நாம் புத்தாண்டு நாட்களில் கடைகள் பலவும் பூட்டியிருக்கும்.

இ-விசாவுக்கு ஒருமுறை நுழைவென்றால் 25 டாலர். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் காவ் டாட் விஎன்' என்று முடியும். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தளங்கள் நிறைய உண்டு. மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள், விடுமுறை குறுக்கிட்டால் நீளும். இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

நோய் பாய் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். 86ஆம் எண் பஸ் பழைய நகரப் பகுதி வழியாக ரயில் நிலையம் வரை போகிறது. காரில் போவதானால் கிராப் செயலியில் பதிவு செய்து, வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பணத்தில் ஒரு கவனம்: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவு வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவது சகஜம். ஐந்து லட்சம் நோட்டைத் தனி உறையில் வையுங்கள்.

ஹனோயில் முதல் மாலை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி நடந்தாலே போதும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றிய சாலைகளில் வண்டி விடமாட்டார்கள். மற்ற இடங்களில் சாலையைக் கடக்க ஒரே வழி: சீரான வேகத்தில் மெதுவாக நடப்பது. பைக்குகள் உங்கள் வேகத்தைக் கணித்து விலகிப் போகும். திடீரென நின்றாலோ பின்வாங்கினாலோதான் மோதும்.

மறுநாள் காலை ஹோ சி மின் சமாதி. திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும், மற்ற நாட்களில் காலை மட்டுமே. அரைக்கால் சட்டை, கையில்லா உடைக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து இலக்கியக் கோயிலுக்கு வாருங்கள். 1070இல் கட்டப்பட்டது. மன்னர் காலத்து அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர் பொறித்த 82 கற்பலகைகளைக் கல் ஆமைகள் முதுகில் சுமந்து நிற்கின்றன. இங்கே அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'ஆன் சாய்' என்று சொல்ல வேண்டும். கடைப்பலகையில் சி-எச்-ஏ-ஒய் என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றித்தான் வரும்.

பிற்பகல் ரயிலில் நின் பின்னுக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம். விடுதி பதிவு செய்யும்போது ஊரின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2025 ஜூலையில் பக்கத்து மாகாணங்கள் இரண்டை இணைத்து நின் பின்னைப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தப் பெயரில் தேடினால் வெகு தொலைவில் உள்ள அறையும் வரலாம். படகுப் பயணம் நடக்கும் டாம் கோக் அல்லது டிராங் ஆன் பக்கம் என்று வரைபடத்தில் உறுதிசெய்யுங்கள். சமவெளிச் சாலை என்பதால் சைக்கிளே போதும். பைக் எடுப்பதானால் 1968 வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கிய சர்வதேச உரிமம்தான் செல்லும். 1949 ஜெனீவா உடன்படிக்கை வகை உரிமத்தோடு ஓட்டி விபத்தானால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் டிராங் ஆன் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். படகுக்கு நான்கு பேர், பயணம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சீட்டு வாங்கும்போதே எந்தப் படகு வழி வேண்டும் என்று கேட்பார்கள். முதல் வழியில் குகைகள் அதிகம். மூன்றாவதில் குகைகள் குறைவு, ஆனால் ஒன்று மட்டுமே ஒரு கிலோமீட்டர் நீளம். இடுக்கமான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மூன்றாவதைத் தவிர்க்கலாம். படகில் நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். கழிப்பறைக்குப் போய்விட்டே ஏறுங்கள். குகைக்குள் கூரை சட்டென்று தலைமட்டத்துக்கு இறங்கும். மடியில் முகம் படும் அளவுக்குக் குனிய வேண்டியிருக்கும். அப்போது பலரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். பாறைக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் நசுங்குவது அப்படித்தான். கைகளை உள்ளேயே வையுங்கள்.

டாம் கோக் படகு இதைவிடக் குறுகிய பயணம். துடுப்பைக் காலால் வலிப்பார்கள், அது பார்க்க வேண்டிய காட்சி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நெல் விளைந்திருக்கும்போது டாம் கோக், மற்ற காலத்தில் டிராங் ஆன்.

வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு ஹாங் முவா குன்று. ஏறக்குறைய 500 படிகள், உயரம் ஒரே சீராக இருக்காது. உச்சியில் டிராகன் சிலையை ஒட்டிய பாறைகள் கத்தி முனை போலக் கூர்மையானவை, செருப்போடு ஏறாதீர்கள். மழை பெய்திருந்தால் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் காலை ஹோவா லூ. 968 முதல் தலைநகராக இருந்த இடம் இது. 1010இல் இங்கிருந்துதான் தலைநகர் இன்றைய ஹனோய்க்கு மாறியது. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அன்றே விமானம் என்றால் நோய் பாய்க்கு நேரடியாகக் கார் பேசிவிடுங்கள், சுமார் இரண்டரை மணி நேரம். ஞாயிறு மாலையில் ஊரிலிருந்து திரும்பும் வண்டிகளால் ஹனோயின் தெற்கு நுழைவு அடைத்துக்கொள்ளும். அன்று மட்டும் இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்பாகவே கிளம்புங்கள்.