எரிவாயு ஆலைக்குக் கரையில் காணி ஒதுக்குவது எப்படி

மன்னார்க் கடலுக்கு அடியில் எரிவாயு இருப்பது 2011 இல் உறுதியானது. டொராடோ, பரகூடா என்று பெயரிட்ட இரண்டு கிணறுகளில் வாயு கிடைத்தது. முதலாவது 1,300 மீற்றருக்கும், இரண்டாவது 1,500 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழக்கடலில். தோண்டிய கம்பனி 2015 இல் விட்டுவிட்டுப் போய்விட்டது. 2021 இல் பெற்றோலிய வளங்களுக்குப் புதுச் சட்டம் வந்தது. வாயு இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. என்றைக்காவது ஒருவர் கோப்போடு வந்து "கரையில் எங்களுக்குக் காணி எங்கே?" என்று கேட்பார். அன்றைக்குப் படம் கீறத் தொடங்கினால் பிந்திவிடும். அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

வன்னியில் பிரதேச செயலகங்களில் காணிப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குறிப்புகள் இளம் திட்டமிடல் உத்தியோகத்தர்களுக்கும், கமக்கார அமைப்பு, மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் இவற்றின் செயலாளர்களுக்கும். எரிவாயு வரக்கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை. மின்சாரமும் வேலையும் வரட்டும். ஆனால் வராத ஆலைக்காக ஊர்க்காணி வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கக் கூடாது. என் முழு வாதமும் அதுதான்.

முதலில் ஒரு கேள்வி. சுத்தம் செய்த வாயுவைக் குழாயில் அனுப்பப் போகிறார்களா, அல்லது குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றப் போகிறார்களா? முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிலத்தின் அளவே இதில்தான் தங்கியிருக்கிறது. திரவமாக்குவதென்றால் வாயுவைச் சைபருக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிரவைக்க வேண்டும். கன அளவு ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்குப் பெரிய தாங்கிகள், ஆழமான துறை, கப்பல் திரும்ப இடம், கப்பலைச் சுற்றி வள்ளம் போகக்கூடாத வட்டம் எல்லாம் வேண்டும். எங்கள் கரையோரம் ஆழம் குறைவு. துறை அமைக்க வேண்டுமென்றால் ஒன்றில் கடலடியைத் தோண்ட வேண்டும், அல்லது பாலத்தை வெகுதூரம் நீட்ட வேண்டும். கடற்புல்லும் அதை மேயும் கடற்பசுவும் அந்த ஆழங்குறைந்த நீரில்தான் இருக்கின்றன. உள்நாட்டு மின் நிலையத்துக்குக் குழாயில் அனுப்புவதென்றால் இவற்றில் பெரும்பகுதி தேவையில்லை. சிறிய ஆலைக்குப் பெரிய ஆலையின் காணியைக் கேட்பதை நீங்கள் அனுமதிக்கவே கூடாது.

ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் ஓரளவு தெரிந்து வைத்திருங்கள். கடலுக்கடியால் வரும் குழாயில் வாயுவோடு திரவமும் திரண்டு வந்து மோதும். அதைத் தாங்கிப் பிடிக்க நீளமான குழாய்த் தொகுதி ஒன்று வேண்டும். அதற்கே நிறைய இடம் போகும். பிறகு திரவத்தைப் பிரிப்பார்கள், காபனீரொட்சைட்டும் நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட்டும் இருந்தால் நீக்குவார்கள், ஈரத்தை எடுப்பார்கள், பாதரசம் இருந்தால் அதையும் எடுப்பார்கள். பிரித்த எண்ணெய்த் திரவம் தாங்கியில் நிற்கும், பவுசரிலோ குழாயிலோ வெளியே போகும். அழுத்தம் மிஞ்சினால் வாயுவை உயரக் கோபுரத்தில் எரிப்பார்கள். அயலில் இருப்பவனுக்கு இதில் முக்கியமானவை மூன்று: எரிகோபுரம், திரவத் தாங்கி, ஐதரசன் சல்பைட்டு.

அப்புறம் படம். பெரும்பாலான திட்டக்காரர்கள் ஆலையை நடுவில் வைத்து, மிஞ்சிய இடத்தில் ஊரைப் பொருத்துவார்கள். நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். அசைக்க முடியாதவற்றை முதலில் கீறுங்கள். அதெல்லாம் கீறி முடிந்தபின் வெறுமையாகத் தெரியும் இடத்தில்தான் ஆலையைப் பற்றிப் பேச்சு.

காற்றிலிருந்து தொடங்குங்கள். கூகிள் படத்தில் காற்று தெரியாது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து பலமாக வீசும். மன்னார்த் தீவில் 103.5 மெகாவாட் காற்றாலை நிற்பதே இந்தக் கரையின் காற்றை நம்பித்தான். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே ஆலைக்கு வடகிழக்கே இருக்கும் ஊர் சோளகத்தில் அகப்படும், தென்மேற்கே இருக்கும் வாடி, அதாவது மீனவர் தங்கும் கொட்டில், வாடைக் காற்றில் அகப்படும். "காற்றுக்குக் கீழே யாரும் இல்லை" என்று ஒரு பருவத்தை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள். இரண்டைவிடவும் பயப்பட வேண்டியது பருவம் மாறும் காலத்தில் காற்று விழுந்துவிடும் இரவுகள். மீதேன் காற்றை விட இலேசானது, மேலே போய்விடும். ஐதரசன் சல்பைட்டும், எண்ணெய்த் திரவத்தின் ஆவியும், புரோப்பேனும் காற்றை விடப் பாரமானவை. காற்றில்லாத இரவில் அவை தாழ்ந்த நிலத்தைத் தேடிப் போகும். ஆகவே வாய்க்கால், பள்ளம், குளத்துக் கீழ்நிலம் எல்லாவற்றையும் படத்தில் போடுங்கள். எந்த இரவில் காற்று விழும் என்று கேட்கக் கடற்றொழிலாளரை விடச் சிறந்த ஆள் இல்லை.

எரிகோபுரத்தின் வெப்பத்துக்கு எண்ணெய், வாயுத் தொழிலில் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்கள் தொடர்ந்து நிற்கக்கூடிய இடத்தில் சதுர மீற்றருக்கு 1.58 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. 4.73 கிலோவாட் என்றால் உடுப்போடு நிற்பவரும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் விலக வேண்டிய அளவு. உச்சி வெயிலே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் தரும் ஊர் எங்களுடையது. கோபுரத்தின் கணக்கில் வெயிலைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். மன்னார்த் தீவின் மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. பெருநிலப்பக்கம் முருங்கன் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் நல்ல நிலத்தடி நீர் உண்டு; அந்தக் கல்லில் எண்ணெய் ஒழுகினால் எந்தக் கிணற்றில் தலை காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாங்கிகளை அதன் மேலே வைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. அருவியாறு கடலில் விழும் பக்கத்தின் வெள்ளநிலத்தையும் அப்படியே விலக்குங்கள். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த அதே வேகத்தில் இந்தப் பக்கத்தையும் அடித்தது. முல்லைத்தீவுப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு 2004 சுனாமி பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடல் எவ்வளவு உள்ளே வரும் என்று சந்தேகப்படுகிறவரை அரிப்பு என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகை அங்கே துண்டு துண்டாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.

சட்டம் ஏற்கெனவே கீறிய கோடுகளும் உண்டு. உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வங்காலை 2008 இல் சரணாலயமானது, 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமானது. விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கமானது. திருக்கேதீச்சரத்தை ஒட்டி மாந்தைப் பழைய துறைமுகம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. இவை எல்லாம் தெரிந்த விஷயம், விரைவாகக் கீறிவிடலாம்.

பலரும் விடுவது பாடு. கரைவலை இழுக்கும் ஒவ்வொரு துண்டுக் கரையும் ஒருவருடைய பாடு, அதற்கு உரிமை உண்டு. நான் ஒருமுறை கரைக்காணிப் படத்தோடு போனபோது ஒரு சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர், அதை மணலில் விரித்து வைத்துச் சொன்னார்: "ஐயா, கடலுக்குள்ள வலை வளைக்கிற தூரத்தையும் கீறுங்கோ. கரையில மட்டும் கீறினா எங்கட பாடு பாதிதான் படத்தில இருக்கும்." அதற்குப் பிறகு எந்தக் கரைப்படத்தையும் நான் நீர்க்கோட்டோடு நிறுத்தியதில்லை. குழாய் கரையேறும் இடம் ஒரு பாட்டின் நடுவில் வந்தால் அந்தப் பாடு முழுவதும் போகும், பாதி போகாது. முடிந்தால் மணலை வெட்டாமல் அடியால் துளைத்துக் குழாயை எடுக்கச் சொல்லுங்கள். வேலையைத் தொழில் இல்லாத மாதத்தில் வைக்கச் சொல்லுங்கள். பருவத்துக்கு வந்து போகிற தொழிலாளரின் வாடிகளையும், சேற்றில் மட்டி பொறுக்கும் பெண்களின் இடங்களையும், பட்டிமாடுகள் காலபோகம் என்ற மாரி நெற்பருவத்தில் வயலை விட்டு ஒதுங்கும் மேய்ச்சல் தரையையும் குறியுங்கள். இவர்களில் யாருக்கும் காணி உறுதிப் பத்திரம் இருக்காது.

இனி உறுதி விஷயம். வன்னியில் வெறுங்காணி என்று ஒன்றைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் முசலிக் காணிகள் எத்தனை வருடம் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தன! இடப்பெயர்வில் உறுதியும் அனுமதிப் பத்திரமும் தொலைத்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். போரால் காணியை விட்டு நின்றவர்களுடைய உரிமையை, நெடுங்காலம் பிடித்திருந்தவன் காணி தனக்கே என்று கேட்கும் ஆட்சியுரிமை வழக்கில் காப்பாற்ற 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்ததே இதனால்தான். ஆகவே கச்சேரிப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், பழைய வாக்காளர் இடாப்பு, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் பதிவுகள், மயானம், பழைய கிணறு, வரிசையாக நிற்கும் பனை எல்லாவற்றையும் பாருங்கள். ஆள் நட்டால் ஒழிய எல்லை வழியே பனை நேர்கோட்டில் முளைக்காது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருப்பவர்களுக்கும் இந்தியாவில் இருப்பவர்களுக்கும் அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். கண்ணிவெடி அகற்றிய சான்றிதழும் காணித் துண்டு வாரியாகக் கோப்பில் இருக்க வேண்டும்.

இப்போது இடைவெளி நிலம். ஆலை வேலிக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஒரு சுற்று எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். மிக மோசமான கசிவு, மிக மோசமான காற்று, இரவு நேரம் இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் வளையத்தைக் கேளுங்கள். அது வட்டமாக இருக்காது, காற்றின் பக்கம் நீண்டிருக்கும். அந்த நிலத்தைக் கம்பனி பொறுப்பெடுக்க வேண்டும். கட்டடம் வேண்டாம், மேய்ச்சலும் மானாவாரி விதைப்பும் நடக்கலாம். பிரதேச சபை கட்டட அனுமதி கொடுக்கும்போது இந்த வளையம் மேசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாறு வருடத்தில் ஆலை வாசலிலேயே தேநீர்க் கடைகள் முளைத்துவிடும். குழாய் போகும் பாதைக்கும் இதே சட்டம்தான். ஆந்திராவில் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 விடியற்காலை வாயுக் குழாய் கசிந்து தீப்பற்றி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்வாயுவுக்கான குழாயில் ஈரவாயு போய் உள்ளே அரித்திருந்தது. வீடுகள் குழாயை ஒட்டியே இருந்தன. குழாய்ப் பாதையை ஊர்ச்சந்திகளுக்குத் தொலைவில் எடுங்கள், அதற்காக நீளம் கூடினாலும் பரவாயில்லை.

ஒரே இடமா, பல இடமா என்றும் கேட்பார்கள். கடலடியிலுள்ள பல வாயு வயல்களின் வாயுவை ஒரே வளாகத்தில் சுத்திகரித்தால் மற்றக் கரைகள் தப்பும் என்பது நல்ல யோசனை. அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிக் கரையில், புரூம் நகருக்கு வடக்கே ஜேம்ஸ் பிரைஸ் முனையில் அதைத்தான் திட்டமிட்டார்கள். காணியைக் கட்டாயமாக எடுக்க அரசு இறங்கியது. பூர்வகுடி மக்கள் ஒப்பந்தத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் இரண்டாகப் பிரிந்தார்கள். 2013 ஏப்ரலில் செலவு கட்டாது என்று கம்பனி கரை ஆலையைக் கைவிட்டது. அதே வருடம் ஓகஸ்டில் சுற்றாடல் அனுமதியே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது; முடிவெடுத்த அதிகார சபை உறுப்பினர் சிலருக்கு இதில் சொந்த நலன் இருந்தது. ஆலை வரவில்லை, ஊர் பிளந்ததுதான் மிச்சம்.

இதனால் நான் சொல்வது: எடுக்காதீர்கள், ஒதுக்குங்கள். காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்தே அந்தக் காணியை விற்பவனும் வாங்குபவனும் தயங்குவார்கள், வீடு கட்டுகிறவன் நிறுத்திவிடுவான். 38 ஆம் பிரிவின் அவசரக் கையேற்பை இதற்குப் பாவிக்க ஒரு நியாயமும் இல்லை, கடலில் கிடக்கும் வாயு ஓடிவிடாது. முதலீட்டுத் தீர்மானம் கையெழுத்தாகும் வரை வலயப் படத்தில் மட்டும் ஒதுக்குங்கள். அதற்கு முடிவுத் திகதி போடுங்கள். ஐந்து வருடம் போதும். அதற்குள் ஆலை வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு தானாக நீங்க வேண்டும், புதுப்பிக்க வேண்டுமென்றால் ஊர்க்கூட்டம் முதலில் நடக்க வேண்டும். அதுவரை இருப்பவர் இருக்கட்டும், விதைப்பவர் விதைக்கட்டும், வலை இழுக்கட்டும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் கிடைக்கும். அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். பங்கு பிரித்து வாசியுங்கள்: மீனவர் சங்கம் கடல் அத்தியாயத்தை, கமக்கார அமைப்பு தண்ணீரை, ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் கசிவுக் கணக்கை. நீங்களே கீறிய படத்தை அறிக்கையின் படத்தோடு பக்கத்தில் வைத்து, விடுபட்ட கிணறு, பாடு, மயானம் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு எழுதி அனுப்புங்கள். பொதுவாக "எதிர்க்கிறோம்" என்ற கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் வரும். இலக்கமிட்ட கடிதத்துக்கு ஒவ்வொரு இலக்கத்துக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

படத்தில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கிராம சேவையாளரிடம், ஒன்று பிரதேச செயலகக் காணிக் கிளையில், ஒன்று சங்கக் கட்டடத்தில். ஒவ்வொரு தாளிலும் கீறிய திகதியும், தகவல் தந்தவரின் ஒப்பமும் இருக்கட்டும். பாடு கைமாறும், கிணறு உவர்க்கும், போனவர் திரும்பி வருவார். ஒவ்வொரு மாரி முடிந்ததும் எடுத்துத் திருத்துங்கள்.