கோல்ஃபுக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கும் முன்

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் செய்யுங்கள்: நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானம் அந்தக் கருவியின் வரைபடப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். அது இல்லையென்றால் மற்ற வசதிகள் எல்லாம் வீண். வரைபடப் புதுப்பிப்பு இலவசமா, வருடச் சந்தாவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் திரை. கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கிரீனின் (குழி இருக்கும் குட்டைப் புல்தரையின்) முன், நடு, பின் என்ற மூன்று தூரங்களும் கண்ணைச் சுருக்காமல் தெரிகிறதா என்று பாருங்கள். குழியைக் காட்டும் கொடிக்கம்பம் அடிக்கடி இடம் மாறும். அது எங்கே என்று சாதாரண ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதனால் இந்த மூன்று எண்களை வைத்துத்தான் கணிக்க வேண்டும். கையுறை போட்ட கைக்குத் தொடுதிரையைவிடப் பொத்தான்களே வசதி (இது என் கட்சி!).

18 குழி ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பேட்டரி அதற்குத் தாங்க வேண்டும். 2019 முதல் தூரம் அளக்கும் கருவிகளை கோல்ஃப் விதிகள் பொதுவாக அனுமதிக்கின்றன. போட்டி அமைப்பாளர்கள் தடுக்கலாம். தரையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதி இருந்தால், போட்டிக்காக அதை அணைத்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள்.