பள்ளி வளாகத்தில் பழத்தோட்டம்: தொடங்குவோருக்கான செய்முறை

பள்ளி வளாகத்தில் நட்ட பழக்கன்று பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது கோடை விடுமுறைதான். வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை வளாகம் பூட்டிக் கிடக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆகவே எந்த மரம், எந்த இடம், யார் பொறுப்பு என்ற முடிவுகள் அனைத்தையும் அந்த விடுமுறைக் காலத்தை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும். இங்குள்ள முறை, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுச் சமவெளிப் பள்ளிகளுக்கானது.

1. அனுமதியும் இடமும்

தலைமையாசிரியரிடம் பேசிய பின், பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இதனை முன்வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். புதிய வகுப்பறை வரக்கூடிய இடம், மின்கம்பி செல்லும் பாதை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைத் தவிர்த்து, தண்ணீர்க் குழாய்க்கு அருகில் இடம் தேர்ந்தெடுங்கள். சத்துணவுக் கூடத்தில் அரிசி களையும் நீரும் பிள்ளைகள் கை கழுவும் நீரும் வாய்க்கால் வழியே வந்து சேருமானால் பாதி வேலை குறையும்.

2. மரத் தேர்வு

எல்லோரும் முதலில் கேட்பது மாமரம். ஆனால் மாம்பழக் காலத்தின் பெரும்பகுதி விடுமுறையில் கழிந்துவிடுவதால், நட்ட பிள்ளைகளுக்குப் பழம் கிடைப்பது அரிது. பள்ளி நடக்கும் மாதங்களிலும் காய்க்கும் கொய்யா, சப்போட்டா, சீத்தா, நெல்லி ஆகியவையே பொருத்தமானவை. சீத்தா இலையை ஆடு கடிக்காது என்பதால், சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிக்கு அதுவே முதல் தேர்வு. நெல்லி நடுவதானால் என்.ஏ.7, காஞ்சன் என இரண்டு ரகங்களைச் சேர்த்து நடுங்கள்; ஒரே ரகமாக நட்டால் மகரந்தச் சேர்க்கை குறைந்து காய்ப்பும் குறையும். நாவல் உயர்ந்து வளரும், அதன் கிளை எளிதில் முறியும். மரம் ஏறும் வயதுப் பிள்ளைகள் உள்ள இடத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. எலுமிச்சையை முள்ளுக்காக நான் பரிந்துரைப்பதில்லை.

சப்போட்டாவுக்கு 8 மீட்டர், நெல்லிக்கு 6, கொய்யாவுக்கு 5, சீத்தாவுக்கு 4 மீட்டர் இடைவெளி போதும். 10 சென்ட் நிலத்தில் 2 சப்போட்டா, 2 நெல்லி, 5 கொய்யா, 4 சீத்தா வைக்கலாம். ஒட்டுக்கன்றுகளையும் (வேர்ச்செடி எனப்படும் வேறொரு செடியின் மேல் நல்ல ரகக் கிளையை இணைத்தவை) பதியன்களையும் (தாய்மரக் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தவை) அரசு தோட்டக்கலைப் பண்ணையில் வாங்குங்கள்.

3. குழியும் நடவும்

ஜூலை 15, காமராசர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாளில் கன்று நடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அன்று குடும்பங்களை அழைத்து இடத்தை அளந்து முளைக்குச்சி அடியுங்கள். நடவை மட்டும் அக்டோபர் மழைக்கு விட்டுவிடுங்கள். திறந்த குழி பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால், காலாண்டு விடுமுறை தொடங்கும் நாளில் குழி எடுத்து, வெயிலில் காயவிட்டு, பள்ளி திறக்கும் முன் மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடிவிட வேண்டும். சப்போட்டாவுக்கு ஒரு மீட்டர் ஆழமும், மற்றவற்றுக்கு 60 சென்டிமீட்டர் ஆழமும் தேவை.

நடும்போது பையைக் கிழித்து அகற்றி, வேர்மண் உடையாமல் இறக்கி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கி, குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. அதை உடனே கிள்ளிவிடும்படி மாணவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

4. குடும்பப் பொறுப்பு

ஒரு மரத்துக்கு மூன்று குடும்பங்கள் என்று பிரித்துக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சில மாதங்களில் வேறு பள்ளிக்குப் போய்விடும். எனவே முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில், பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்போரைச் சேர்ப்பதே சரி. மழையில்லாத நாட்களில் கன்றுக்கு வாரம் இருமுறை இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். தண்டைத் தொடாமல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

மார்ச் மாதத்திலேயே விடுமுறைக்கான முறைப் பட்டியலை எழுதி, வாயிற்கதவுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் குறித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும்; இதற்குப் பிள்ளைகள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். மூன்றாம் ஆண்டு முதல் கொய்யாவைக் காய்க்க விடலாம். பறிப்பதைச் சத்துணவு நேரத்தில் எல்லா வகுப்புக்கும் பகிர்வதா, நீர் ஊற்றிய குடும்பங்களுக்கும் ஒரு பங்கு தருவதா என்பதைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.