கோட்ஸொலானியின் திருவிசையைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

கியாரா மார்கரீத்தா கோட்ஸொலானி 1602இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்து, 1620இல் அந்நகரின் பேராலயத்துக்கு அருகிலிருந்த சாந்தா ராதெகோந்தா மடத்தில் பெனடிக்டின் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் துறவியானவர். 1640 முதல் 1650 வரை தாம் இயற்றிய இசையை நான்கு தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்ட இவரை, அக்கால ஐரோப்பிய இசையான பரோக் இசை கேட்போரிலும் பலர் அறியார். ஆகவே முன்பயிற்சி ஏதும் இல்லாதவரும் பின்பற்றத்தக்க ஒரு வழியை இங்கே தருகிறேன்.

முதலில், இசை ஒலித்த இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மடத்தின் கோவில் ஒரு சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உட்பகுதியில் துறவியர் பாடினர், வெளிப்பகுதியில் அமர்ந்த மக்கள் கம்பித் தடுப்பின் வழியே குரலை மட்டும் கேட்டனர், முகத்தைக் கண்டதில்லை. இந்தப் பாடல்களின் உருக்கம் எல்லாம் குரலிலேயே குவிந்திருப்பதை உணர, இந்தச் சுவரை நினைவில் வைத்திருப்பது மிகவும் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, 'ஓ குவாம் போனும் எஸ்' (O quam bonum es) என்ற பாடலை யூடியூபில் தேடி எடுங்கள். இரண்டே குரல்கள், அடியில் ஆர்கன் போன்ற துணைக்கருவி, அவ்வளவுதான். முதல் முறை வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை, ஒரு குரல் சொன்னதை மற்றது ஏற்றுத் திருப்பிச் சொல்வதையும், பின்னர் இரண்டும் அருகருகே இணைந்து நகர்வதையும் கவனியுங்கள்.

மூன்றாவதாக, இயேசுவின் சீடரான மகதலா மரியா அவருடைய கல்லறையருகே அழுது நிற்கும் உரையாடல் பாடலுக்குச் செல்லுங்கள். இலத்தீன் தெரியாவிட்டால், யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு அமருங்கள். "அம்மா, ஏன் அழுகிறீர்?" என்று வானதூதர் கேட்கும் இடம் வந்ததும், அதற்கு முன்னும் பின்னும் இசையின் நடை எவ்வாறு மாறுகிறது என்று பாருங்கள், அவசரப்படாமல் அந்தப் பகுதியையே பலமுறை கேட்கலாம்.

இதன் பிறகே விவிலியத்தின் திருப்பாடல்களுக்கு எட்டுக் குரல்களில் இசையமைத்து 1650இல் வெளியான தொகுதிக்கு வாருங்கள். 'தீக்ஸித் தோமினுஸ்' (Dixit Dominus), அதாவது திருப்பாடல் 110, நல்ல தொடக்கம். பெண்களே பாடும் கப்பெல்லா ஆர்த்தெமீசியா குழுவின் பதிவையும், ஆண்களும் சேர்ந்து பாடும் வேறொரு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அச்சிட்ட நூலில் ஆண்குரலுக்குரிய தாழ்ந்த வரிகளும் இருப்பதால், ஆண்களே இல்லாத மடத்தில் அவற்றை எவ்வாறு பாடியிருப்பார்கள் என்ற கேள்விக்கு ஒரு விடையை முதல் பதிவில் உங்கள் காதாலேயே கேட்கலாம்.