வராத கோரைப்பல்லை விரல்நுனியால் தேடுவது எப்படி?

தெத்துப்பல்லை அழகென்று சொல்வது நம் வழக்கம். இடம் போதாமல் மேலே ஏறி நின்றாலும் அது எப்படியோ வெளியே வந்துவிட்ட பல். கவலைப்பட வேண்டியது, வெளியே தலைகாட்டாமல் எலும்புக்குள்ளேயே வழிமாறி நகரும் கோரைப்பல்லைப் பற்றித்தான். மேல்தாடைக் கோரைப்பல் மூக்கின் பக்கவாட்டில் மிக உயரத்தில் உருவாகி, நீண்ட தூரம் இறங்கி, 11 அல்லது 12 வயதில் முளைக்கிறது. நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு அது பாதை தவறுகிறது. வலி இருக்காது என்பதால், பிள்ளையின் 9, 10 வயதில் பெற்றோரே ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்க்கச் சொல்லுங்கள். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஆள்காட்டி விரலை நுழைத்து, பால் கோரைப்பல்லுக்கு நேர் மேலே, உதடு ஈறோடு சேரும் மடிப்புவரை மெல்லத் தடவ வேண்டும். அங்கே கொண்டைக்கடலை அளவில், வழவழப்பாக, அழுத்தினாலும் அசையாத ஒரு புடைப்பு தட்டுப்பட்டால் பல் சரியான பாதையில் வருகிறது என்று கொள்ளலாம். பால்பல்லின் வேரும் மேடாகத் தட்டுப்படும்; ஆனால் அது ஒடுங்கிய வரம்பு போல இருக்கும், உருண்டையாக இராது. இரு பக்கங்களையும் ஒப்பிடுவதே முக்கியம். 10 வயது கடந்தும் ஒரு பக்கம் மட்டும் புடைப்பு இல்லாவிட்டாலோ, ஒரு பக்கப் பால்பல் விழுந்து பல மாதங்களாகியும் மறுபக்கத்துப் பால்பல் ஆடாமலே இருந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பக்கத்து வெட்டுப்பல் சிறுத்தோ இல்லாமலோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் கோரைப்பல் அண்ணத்தின் பக்கம் ஒதுங்குவது அதிகம். எட்டு வயதில் முன்பற்கள் இடைவெளிவிட்டு விரிந்திருப்பது மட்டும் பெரும்பாலும் இயல்பானதே. அதற்காக அவசரப்பட்டுக் கிளிப் போடச் சொல்ல வேண்டாம்.

பல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதை அறிய, எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு படங்கள் எடுப்பார்கள். குழாய் நகர்ந்த திசையிலேயே படத்தில் பல்லும் நகர்ந்திருந்தால் அது அண்ணத்தின் பக்கம் இருக்கிறது. பக்கத்துப் பல்லின் வேரை அது கரைக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சந்தேகமிருந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படும். 10 முதல் 13 வயதுக்குள், இடமும் போதுமானதாக இருந்தால், பால் கோரைப்பல்லைப் பிடுங்குவதே பல நேரங்களில் போதும். சுவீடனில் எரிக்சனும் குரோலும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு செய்தபின் 46 கோரைப்பற்களில் 36 தாமாகவே பாதைக்குத் திரும்பின. பக்கத்து வெட்டுப்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்ட பற்களுக்கு அந்த வாய்ப்பு குறைவாகவே இருந்தது. தள்ளிப்போடுவதில் உள்ள நட்டம் இதுதான். காலம் கடந்துவிட்டால் ஈற்றைத் திறந்து, பல்லில் சிறு சங்கிலி ஒட்டி, கிளிப் மூலம் மாதக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும்.

கீழ்த்தாடையில் இது அரிது. ஆனால் நிகழ்ந்தால் வினோதமாக நிகழ்கிறது. கோரைப்பல் படுத்தவாக்கில் முன்பற்களின் வேர்களுக்கடியில் நகர்ந்து, முகவாயின் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கத்துக்கே போய்விடும். சிறு எக்ஸ்ரே படத்தில் அது விழாமல் போகலாம். எனவே 12 வயதுக்கு மேலும் கீழ்ப் பால் கோரைப்பல் நிலைத்திருந்தால் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படம் எடுக்கச் சொல்லுங்கள். தொந்தரவு தராத பல்லை, நீர்க்கட்டி உருவாகிறதா என்று அவ்வப்போது படமெடுத்துக் கண்காணித்து, அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. பல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால் பழைய எக்ஸ்ரே படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்: எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் அந்தப் பல்லின் நரம்பு பிறந்த பக்கத்திலிருந்தே தொடர்வதால், மரத்துப்போகும் ஊசியை அந்தப் பக்கத்திலும் போட வேண்டியிருக்கும்.